பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி

அன்றைக்குக் காலையில் தேவாவைத் திட்டுவதற்காகத்தான் நான் போன் அடித்துக்கொண்டிருந்தேன். பிரிண்டுக்குப் போக வேண்டிய ஆல்பம் ஒன்று சர்வரில் பாதியில் நின்றிருந்தது. மனிதர் இன்னும் லேபுக்கு வந்து சேரவில்லை. விடாமல் அடித்தேன். கடைசியில் யாரோ எடுத்தார்கள். "இந்த போனுக்கு சொந்தக்காரரு உங்களுக்கு இன்னா வேணும்மா?" என்றது ஒரு பெண் குரல். ரயில் பெட்டியைக் கூட்ட வந்தவராம். செங்கல்பட்டு ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் ஜன்னலோரத்தில் ஒருவர் சாய்ந்திருந்ததைப் பார்த்து, தூங்குகிறார் என்று தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். தினமும் கூட வருகிறவர்கள் கூடுவாஞ்சேரியில் அவர் ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். மறைமலைநகரா, சிங்கப்பெருமாள் கோயிலா, எந்த ஊர் தாண்டும்போது உயிர் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார்களாம்.

செங்கல்பட்டில் எங்கள் கலர் லேபில் ஆல்பம் போட்ட உங்களுக்கெல்லாம் தேவா என்கிற தேவசகாயத்தைத் தெரியும். மாடியில் குளிர் அறைக்குள் சர்வரோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். நான் பானு, கீழே ஆல்பம் டிசைன் செய்கிறவள். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். உயிரோடு இருந்தவரை 'வாப்பா, போப்பா' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மத்தியானம் அவர் மனைவி எஸ்தர் பேசினாள். அழுது ஓய்ந்த குரல்.

"பானு, அவரு போட்டோ ஒண்ணு குடு. நல்லதா, சிரிச்சிகினு இருக்கற மாதிரி. நாளைக்கு அடக்கம். பிளெக்ஸ் அடிக்கணும்னு எங்கண்ணன் நின்னுகினு கீறான்."

"உன் போன்ல இல்லியா எஸ்தர்?"

"என் போன்ல நானும் பொண்ணும்தான் கீறோம். எடுக்கறவரு அவராச்சே."

கல்யாணப் படம் என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். படம் எடுக்க யாரும் கூட வரவில்லை. ஊரில் இருக்கிற கல்யாணத்தையெல்லாம் ஆல்பமாக அச்சடித்து அனுப்பிய மனிதருக்குத் தன் கல்யாணத்தில் ஒரு படம் கிடையாது. இதை அவர் சொல்லும்போது நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆதார் கார்டுல கீறது வேணாம் பானு," என்றாள் எஸ்தர். "போலீசு தேடற ஆளு மாதிரி கீது. அதுல எங்க அவரு கீறாரு?"

சர்வரைத் திறந்து சாயங்காலம் வரை தேடினேன். லேப் பூஜை, முதலாளி வீட்டு விசேஷம், நாங்கள் எல்லாரும் மாமல்லபுரம் போய் வந்த சுற்றுலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழுவாக நின்ற படங்களில் எல்லாரும் இருந்தோம். தேவா மட்டும் இல்லை. ஒன்றில் தோள் தெரிந்தது. இன்னொன்றில் கேமராவைப் பிடித்த அவர் நிழல் மணலில் நீளமாக விழுந்திருந்தது. நிழலை வைத்து பிளெக்ஸ் அடிக்க முடியுமா? கடைசியில் ஆதார் கார்டுப் படத்தைத்தான் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி அனுப்பினேன். எஸ்தரிடமிருந்து "சரி" என்று மட்டும் பதில் வந்தது.

தேவாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கஸ்தூரி கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரே மறைக்காமல் எல்லாரிடமும் சொன்ன கதை அது.

கல்யாணப் படங்கள் லேபுக்கு வந்ததும் ஃபோட்டோகிராஃபர் நல்லவற்றைப் பெண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டரில் போடுவார். கண் மூடியது, கேமரா ஆடியது, யாரோ குறுக்கே போனது இவையெல்லாம் அதே பெயரோடு 'வேஸ்ட்' என்று சேர்த்த இன்னொரு ஃபோல்டரில் போகும். மாதக் கடைசியில் வேஸ்ட்டையெல்லாம் அழிப்பதற்கு தேவா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் தானாகச் செய்வதற்காக வரிசையாக எழுதி வைக்கும் கட்டளைகள்தான் ஸ்கிரிப்ட். பெயர்களுக்கு நடுவே இடம் விடக் கூடாது, ஒரு அடிக்கோடு போட்டு 'கஸ்தூரி_வேஸ்ட்' மாதிரி ஒட்டிவிட வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். புதிதாக வந்த பாபு என்ற ஃபோட்டோகிராஃபருக்கு அந்தச் சட்டத்தை யாரும் சொல்லவில்லை. முகூர்த்த நாள் அவசரத்தில் அவர் 'கஸ்தூரி வேஸ்ட்' என்று, நாம் கையால் எழுதுவது போல, நடுவில் இடம் விட்டு எழுதிவிட்டார்.

தேவாவின் ஸ்கிரிப்ட் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்கவில்லை. குறி இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு இடைவெளி என்பது ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்கும் இடம். 'கஸ்தூரி வேஸ்ட்' என்ற ஒன்றை அழி என்று அவர் சொன்னார். அது 'கஸ்தூரி' என்ற ஒன்றையும் 'வேஸ்ட்' என்ற ஒன்றையும் அழி என்று புரிந்துகொண்டது. 'வேஸ்ட்' என்று தனியாக எதுவும் இல்லை. 'கஸ்தூரி' இருந்தது. நல்ல படங்கள் அத்தனையும் சத்தமில்லாமல் போயின. கழித்துப் போட்ட படங்கள் பத்திரமாக இருந்தன. பேக்கப் எடுக்கும் மெஷினும் அன்றைக்கே பார்த்து, இங்கே இல்லாதது அங்கேயும் வேண்டாம் என்று ஒழுங்காக அழித்துவிட்டிருந்தது. கேமரா கார்டில் அதற்குள் வேறு கல்யாணம் ஏறிவிட்டது.

இது எங்களுக்குத் தெரிந்ததே கஸ்தூரி லேபுக்கு வந்து நின்றபோதுதான். நெம்மேலிப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பெண். கல்யாணம் முடிந்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவதற்குள் அவள் அப்பா ஈ.சி.ஆரில் லாரி மோதிப் போய்விட்டார். "ஆல்பம் மெதுவா ஆவட்டும்ண்ணா. எங்கப்பா மூஞ்சி ஒண்ணு மட்டும் எடுத்துக் குடு, சாமி ரூம்ல மாட்டணும்," என்றாள். தேவா மாடியில் சர்வரில் தேடிவிட்டு இறங்கி வந்தபோது அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

முதலாளி ஒரு யோசனை சொன்னார்: மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். பாபு செய்த தப்பு என்று சொல்லி அவரை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். தேவா இரண்டையும் கேட்டுக்கொண்டு கஸ்தூரியிடம் போய், "அழிச்சது நான்தாம்மா. நான் எழுதுன ஸ்கிரிப்ட்தான்," என்றார். அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லேபில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். அவர் தலையைக் குனிந்து நின்று முழுக்கக் கேட்டார்.

பிறகு என்னிடம் வந்து, "பானு, அந்த வேஸ்ட்ட ஒரு தபா பாரேன்," என்றார். பார்த்தேன். கஸ்தூரியின் அப்பா ஏறக்குறைய எல்லாப் படத்திலும் இருந்தார்! தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணமக்களை மறைத்துக்கொண்டு போகிறார். யாரையோ பந்திக்குக் கூப்பிடுகிறார், வாய் திறந்திருக்கிறது. மேடைக்குக் கீழே துண்டால் முகத்தைத் துடைக்கிறார். அவர் குறுக்கே போன ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் படங்கள் வேஸ்ட்டில் போயிருந்தன.

பிரிண்ட் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். கஸ்தூரி வாசலிலேயே வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாட்டில் பெட்டியைத் தூக்கிப் போகும் படத்தில் நிறுத்தினாள். "எங்கப்பா இப்பிடித்தான். ஒரு எடத்துல நிக்கவே மாட்டாரு," என்றாள். எங்களை உள்ளே கூப்பிடவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவள் கல்யாணம் போனது போனதுதான்.

மறுநாளே நான் பெரிய எழுத்தில் ஒரு போர்டு அடித்து மாட்டினேன்: 'ஃபோல்டர் பெயரில் ஸ்பேஸ் போட்டால் தொலைந்தீர்கள்.' தேவா வந்தார், படித்தார், கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"இன்னாப்பா தேவா, பட்டது பத்தலியா?"

"ஸ்பேஸ் போட்டவன் ஒண்ணும் தப்பு பண்ல பானு. மனுசன் பேர எழுதறா மாதிரி எழுதிகிறான். ரெண்டு பக்கமும் கோட்ஸ் குறி போடாம உட்டது நானு."

"ஊரே அடிக்கோடு போடுது. உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

"வர்றவங்க பேர நம்ம சவுரியத்துக்கு ஒட்ட வைக்கச் சொல்றது ஒரு பொழப்பா? நடுவுல கீற காலி எடமும் பேர்ல சேந்ததுதான். ஸ்கிரிப்ட்டு குனிஞ்சி போவட்டும்."

அதற்குப் பிறகு தன் பழைய ஸ்கிரிப்ட்களையெல்லாம் ஒன்று விடாமல் திறந்து, பெயர் வரும் இடமெல்லாம் மேற்கோள் குறி போட்டார். எழுதும் முறையையே மாற்றிக்கொண்டார். முதலில் இரண்டு குறிகளையும் போடுவார், பிறகு கர்சரைப் பின்னால் கொண்டு வந்து நடுவில் பெயரை எழுதுவார். நான் கிண்டல் செய்தால், "ரெண்டு கதவையும் மொதல்ல மாட்டிடணும். அப்பறம்தான் சாமான உள்ள வைக்கணும்," என்பார். அவசரம் என்று யார் கத்தினாலும் அந்த முறை மாறியதில்லை. அதற்காக நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

வேஸ்ட்டை அழிக்கும் ஸ்கிரிப்ட்டை மட்டும் அவர் திருத்தவில்லை. தூக்கி எறிந்துவிட்டார். டிஸ்க் நிறைந்து வழிகிறது என்று முதலாளி மாதாமாதம் சத்தம் போடுவார். தேவா பழைய டிஸ்க்குகளில் வேஸ்ட்டையெல்லாம் மாற்றி, ஊர்ப் பெயர் ஒட்டி, மாடி பீரோவில் அடுக்கிவிடுவார். "யாருக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்டால், "எவனாச்சும் வருவான்," என்பார். வந்தார்கள். கல்யாணத்துக்கு வந்து போன தாத்தா, பெரியம்மா, கூடப் படித்தவன் என்று இறந்து போனவர்களின் முகத்தைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த பீரோவிலிருந்துதான் கிடைத்தது.

அடக்கம் நடந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆதார் கார்டுப் படத்தோடு பிளெக்ஸ் நனைந்துகொண்டிருந்தது. அந்தக் கண்களைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பெட்டியை இறக்கும்போது எஸ்தர் பிளெக்ஸ் இருந்த பக்கமே திரும்பவில்லை. பாபு என் பக்கத்தில் நின்று குடையை எனக்குப் பிடித்திருந்தார், அவர் நனைந்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா, அண்ணாத்தைக்கு இந்தப் படம்தான் கெடைச்சுதா?"

"நீயே சொல்லு, எங்க கீது வேற?"

"ஆள் பத்தலன்னா லைட் புடிக்க அவரத்தான அனுப்புவாங்க. மாப்ள பொண்ணு வர்றதுக்கு முன்னாடி மேடைல லைட் டெஸ்ட்டுக்கு அவர்தான் உக்காருவாரு. எத்தினி தபா எடுத்துகிறேன்!"

"அது எங்க போச்சு?"

பாபு என்னைப் பார்த்தார். "வேஸ்ட்லதான்க்கா."

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. பீரோ முழுக்க வைத்துக்கொண்டு, அவர் யாருக்காகவோ சேர்த்து வைத்ததில் அவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இனி பிளெக்ஸுக்கு நேரம் போய்விட்டது. வீட்டில் நினைவு ஆராதனை வைக்கும்போதாவது சுவரில் ஒரு நல்ல முகம் இருக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தது.

மறுநாள் மாடிக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பீரோ டிஸ்க்குகளை மாட்டி ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்தால் ஒரு மாதம் ஆகும். லைட் டெஸ்ட் படங்கள் எப்போதும் முதலில் எடுத்தவை. ஒவ்வொரு வேஸ்ட் ஃபோல்டரிலிருந்தும் முதல் சில படங்களை மட்டும் எடுத்து ஒரே இடத்தில் போடு என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். அவர் எழுதுவதைத் தோளுக்குப் பின்னாலிருந்து எவ்வளவோ பார்த்திருக்கிறேன். எழுதினேன். ஓட விட்டேன்.

திரை நிறைய ஆங்கிலத்தில் வசவு. 'திருக்கழுக்குன்றம்' என்று எதுவும் இல்லை. 'ரமேஷ்' என்று எதுவும் இல்லை. 'வேஸ்ட்' என்று எதுவும் இல்லை. 'திருக்கழுக்குன்றம் ரமேஷ் வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் என் கண் முன்னால் இருக்கிறது, மெஷின் அதை மூன்றாக வெட்டி மூன்றும் இல்லை என்கிறது. அணுபுரம் இல்லை. கல்பாக்கம் இல்லை. அவரவர் இஷ்டத்துக்கு எழுத விட்டாரே, ஒரு பெயர் கூட ஒட்டி இல்லை. "பாவி, சொன்னா கேட்டியா, அடிக்கோடு போட வைக்கலாம்னு சொன்னேனே," என்று காலி அறையில் வாய்விட்டே திட்டினேன். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பதில் வரும். வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன். முதலில் இரண்டு குறிகளையும் போட்டேன். பின்னால் வந்து நடுவில் பெயரை வைத்தேன். பெயர் வரும் ஒவ்வொரு இடத்திலும் அப்படியே செய்தேன். ஓட விட்டதும் திரை ஒன்றும் சொல்லவில்லை. படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின.

தேவா இருந்தார். ஊர் ஊராக, மண்டபம் மண்டபமாக இருந்தார். மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில், சுருட்டிய ஒயர் மடியில் இருக்க, பாதிக் கண் மூடியபடி, கொட்டாவி விட்டபடி, யாரையோ அதட்டியபடி. தலைமுடி கறுப்பாக இருந்தவர் படம் போகப் போக நரைத்தார். தொப்பை வந்தது. கண்ணாடி வந்தது. வயதாவதை யாரும் உட்கார வைத்து எடுக்கவில்லை, அதுவாகப் பதிவாகியிருந்தது. மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றில் எடுத்த படம் கடைசியில் வந்தது. பின்னால் முழுக்கப் பூ அலங்காரம். யாரோ 'மாப்ள' என்று கூப்பிட்டிருக்க வேண்டும். தேவா கேமராவுக்கு நேராகப் பார்த்து, மேல் பல் தெரியச் சிரிக்கிறார். முகத்தில் விழும் வெளிச்சம் அவ்வளவு சரியாக இருந்தது. பக்கத்தில் மணப்பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனேன். ரயிலில் போக மனம் வரவில்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் பிடித்தேன். எஸ்தரின் வீட்டில் நாற்காலிகள் இன்னும் மடக்கப்படாமல் கிடந்தன. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். திரைக்குக் கை போயிற்று, அவர் முகத்தில் விரலை வைத்தாள்.

"கல்யாண மாப்ள மாதிரி கீறாரு," என்றாள். "இது எப்போ?"

"போன தை மாசம். மாபலிபுரத்துல."

"என்னாண்ட சொல்லவே இல்லியே. இப்பிடி உக்காருவாருன்னு ஒரு வார்த்த சொல்லல." விரலை எடுக்காமலே, "சொல்லி இருந்தா நானும் ஒரு தபா போயி உக்காந்துட்டு வந்திருப்பேன்," என்றாள். அப்புறம்தான் உடைந்து அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அழுகை நின்ற பிறகு நான் என் வேலையைத் தொடங்கினேன். ஆல்பம் டிசைன் செய்கிறவளுக்குக் கை சும்மா இருக்காது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், சட்டத்துக்கு நடுவில் வர வேண்டும். பக்கத்துக் காலி நாற்காலியை வெட்டுவதற்காகக் கோடு இழுத்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாத பானு. அது என் எடம். அப்பிடியே இருக்கட்டும்."

வெட்டவில்லை. அகலமாக ஒரு சட்டம் போட்டு, தேவா ஒரு பக்கமும் காலி நாற்காலி ஒரு பக்கமுமாக அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆராதனைக்கு வந்தவர்களில் சிலர் இதென்ன பாதிப் படம் காலியாக என்று கேட்டார்கள். எஸ்தர் அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தாள்.

தேவா எனக்கென்று விட்டுப் போனது பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் ஏறிவிட்ட ஒரு பழக்கம் இருக்கிறது. அந்த பீரோ இருக்கிறது, அதை யாரும் அழிக்க விடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எஸ்தரிடம் படத்தைக் காட்டிய அன்றைக்கே சாயங்காலம் லேபுக்குத் திரும்பி அந்தப் படத்தைச் சர்வரில் வைத்தேன். வேஸ்ட்டில் வைக்கவில்லை. முதலில் இரண்டு குறிகளையும் போட்டேன். பின்னால் வந்து, நடுவில் இடம் விட்டு, 'தேவா எஸ்தர்' என்று எழுதினேன்.